கண்ட்வாவிலிருந்து இந்தூர் வரை: அக்காவின் லதா, என் கிஷோர்

ஆகஸ்ட் 3, ஞாயிறு – கண்ட்வா

மத்தியப் பிரதேசத்துக் கண்ட்வாவில் மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் வந்து இறங்கினோம். அக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஊர்ப் பெயர்ப் பலகையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்பா ரயில்வேயில் இருந்தார். எங்கள் சின்ன வயது முழுக்க மகாராஷ்டிரத்துப் பூசாவல் காலனியில்தான். இட்டார்சி பக்கம் போகும்போதெல்லாம் வண்டி கண்ட்வாவில் நிற்கும். அப்பா என் தோளைத் தட்டி, "உன் ஆள் ஊர் வந்துடுச்சு பார்" என்பார். எத்தனையோ தடவை கடந்துபோன ஊர். கால் வைத்தது இன்றுதான். எனக்கு 56, அக்காவுக்கு 64.

வீட்டில் ஒரே ரேடியோ, இந்திப் பாட்டுக்கு இரண்டு கட்சி. அக்கா லதா மங்கேஷ்கர் கட்சி, நான் கிஷோர் குமார் கட்சி. இரண்டு பேரும் பிறந்தது 1929ல். கிஷோர் ஆகஸ்ட் 4, இந்தக் கண்ட்வாவில். லதா செப்டம்பர் 28, இங்கிருந்து 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்தூரில். நடுவே 55 நாள் வித்தியாசம். இந்தக் கணக்கைப் போன வருஷம் அக்காதான் போனில் சொன்னாள். "ரெண்டு ஊரையும் ஒரே தடவையா பார்த்துட்டு வந்துடலாம்டா" என்றாள். அக்கா என்னிடம் எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்கே சரி என்றுவிட்டேன்.

முன்பணம் கட்டியிருந்த லாட்ஜில் எங்கள் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். நாளைக்குக் 'கிஷோர் தா' பிறந்தநாள், ஊர் நிரம்பிவிட்டது, வேறு இடம் பாருங்கள் என்று பதில். அக்கா வாதாடவில்லை, வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். எங்களை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் இன்னும் போகாமல் நின்றிருந்தார். அவரே நாலு இடம் கேட்டு, ஸ்டேஷன் பக்கம் ஒரு தர்மசாலையில் 500 ரூபாய்க்கு அறை பிடித்துக் கொடுத்தார். அலைந்ததற்குச் சேர்த்து 150 நீட்டினேன். முதலில் பேசிய 50ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, "விருந்தாளிகள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராத்திரிச் சாப்பாடு சோள ரொட்டியும் 'அம்பாடி' கீரையும். ஒரு வாய் வைத்ததும் அக்கா நிமிர்ந்தாள். நம் புளிச்சகீரையேதான், பருப்பு சேர்த்து, பூண்டு தாளித்திருக்கிறார்கள். இருவருக்கும் 180 ரூபாய். மின்விசிறிச் சத்தத்தில் தூக்கம் வருமா தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள் – கண்ட்வா

காலையில் போஹா. மேலே ஓமப்பொடி மாதிரி சேவ், ஜீராவண் மசாலாப் பொடி, கூடவே இரண்டு ஜிலேபி. அவலுக்கு ஜிலேபியா என்று யோசிக்க வேண்டாம், சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு தட்டு 30 ரூபாய்.

பம்பாய் பஜாரில் கங்குலி குடும்பத்தின் பழைய வீட்டைப் பார்க்கப் போனோம். வழியெல்லாம் ராக்கிக் கடைகள், சனிக்கிழமை பண்டிகை. வீட்டை உள்ளே போய்ப் பார்க்க முடியவில்லை. சுவரில் செடி முளைத்திருக்கிறது, மரமெல்லாம் இற்றுப்போயிருக்கிறது. அப்பா குஞ்ஜலால் கங்குலி வக்கீல். மூத்த மகன் அசோக் குமார் இந்தி சினிமாவின் பெரிய நட்சத்திரம். கடைசிப் பையன் ஆபாஸ் குமார் கங்குலிதான் நம் கிஷோர். அண்ணனுக்கும் தம்பிக்கும் 18 வயது வித்தியாசம். ஏறக்குறைய அப்பா ஸ்தானம். இந்த வீடு இப்படி இடிந்து நிற்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஒரு ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்த மனிதர் இவர். மேடை ஏறினால் தன்னைக் 'கண்ட்வாக்காரன் கிஷோர் குமார்' என்றுதான் சொல்லிக்கொள்வார். ஒரு கூரையாவது போட்டு வைத்திருக்கலாம்.

சமாதி இந்தூர் ரோட்டில் இருக்கிறது. 1987 அக்டோபர் 13ஆம் தேதி பம்பாயில் மாரடைப்பில் போனார். அன்றைக்கு அண்ணன் அசோக் குமாருக்கு 76வது பிறந்தநாள். கிஷோர் ஆசைப்பட்டபடி அவர் உடலை இங்கே கொண்டுவந்துதான் எரியூட்டினார்கள். எனக்கு அப்போது 18. அந்த வாரம் வீட்டில் அக்கா என் ரேடியோவைத் தொடவே இல்லை.

நாங்கள் போனபோது தூறல். நாக்பூர், கொல்கத்தா, சூரத் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள். கையில் பூவைவிட ஜிலேபிதான் அதிகம். ஊருக்கே திரும்பி வந்து பால்-ஜிலேபி சாப்பிட்டுக்கொண்டு இருந்துவிடுவேன் என்று கடைசிக் காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாராம். வந்து தங்கக் கொடுத்துவைக்கவில்லை. அதனால் வருகிறவர்கள் அதையே படைக்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் இலைத் தொன்னையில் சூடான பாலை ஊற்றி, அதில் ஒரு ஜிலேபியை முக்கி, கல்லின் மேல் வைத்தார். ஜிலேபியின் காவி நிறம் பாலில் நூல் நூலாகப் பிரிந்தது. மழைத்துளி விழ விழத் தொன்னை நிறைந்துகொண்டே வந்தது. அவர் தன் குடையை எடுத்துத் தொன்னைக்குப் பிடித்தார். அவர் தலை நனைந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விட்டார்.

ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். யார் வேண்டுமானாலும் பாடலாம். சுதி விலகினாலும் கைதட்டுகிறார்கள். ஜோடிப் பாட்டு ஒன்று வந்தது, பெண் குரலுக்கு ஆள் இல்லை. என்னோடு இருந்த நாக்பூர்க்காரர் அக்காவைப் பார்த்து, "தீதி, நீங்கள்?" என்று கையைக் காட்டினார். அக்கா தலையை அசைத்து மறுத்துவிட்டாள். உடனே ஒரு கல்லூரிப் பையன் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு இரண்டு குரலையும் தானே பாடினான். கூட்டம் ஆரவாரம் செய்தது. அக்காவுக்குத்தான் அதிக சந்தோஷம். அந்தப் பையனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். 1962ல் 'ஹாஃப் டிக்கெட்' படத்துக்குச் சலீல் சௌத்ரி ஒரு ஜோடிப் பாட்டு போட்டிருந்தார். பாட வேண்டிய லதா ஊரில் இல்லை. நானே இரண்டையும் பாடுகிறேன் என்று கிஷோர் ஆண் குரலும் பெண் குரலுமாகப் பாடிக் கொடுத்தார். அந்தப் பாட்டு இன்றைக்கும் நிற்கிறது. பையன் அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

என் கட்சி ஆளைப் பற்றி அக்காவுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய் – பஸ்ஸில்

கிஷோர் இந்தூர் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போய்வந்தது மீட்டர்கேஜ் ரயிலில். அந்தப் பாதையை அகலமாக்கும் வேலை வருஷக்கணக்காக நடக்கிறது. அதனால் பஸ். நாலு மணி நேரம் என்றார்கள். எட்டரை மணி நேரம் ஆனது. மலை ஏற்றத்தில் ஒரு லாரி குறுக்கே சாய்ந்துவிட்டது, இரண்டு பக்கமும் வண்டிகள் நகரவில்லை.

அதற்கு முன்னால் மோர்டக்காவில் நர்மதைப் பாலம் வந்தது. செம்மண் நிறத்தில் தண்ணீர் பாலத்தை நெருங்கி ஓடியது. பஸ் முழுக்க "நர்மதே ஹர்" என்று ஒரே குரல். ஜன்னல் வழியாகக் காசு போட்டார்கள். பக்கத்து இருக்கை அம்மா தன் சில்லறையிலிருந்து அக்காவுக்கும் ஒரு ரூபாய் கொடுத்துப் போடச் சொன்னார்.

நெரிசலில் நின்ற மூன்று மணி நேரமும் சும்மா போகவில்லை. காட்டுப் பக்கமிருந்து பையன்கள் சுட்ட சோளக்கதிர் கொண்டுவந்தார்கள், 20 ரூபாய். அதைக் கடித்துக்கொண்டே எங்கள் பழைய சண்டையை ஆரம்பித்தோம்.

நான் எப்போதும் சொல்வது இது: கிஷோர் யாரிடமும் சங்கீதம் கற்கவில்லை. பழைய பாடகர் சைகல் மாதிரி பாடிப் பாடி, பிறகு தனக்கென்று ஒரு குரலைக் கண்டுபிடித்தார். லதாவுக்கு அப்படியா? அப்பா தீனாநாத் மங்கேஷ்கர் பெரிய நாடக நடிகர், பாடகர். வீட்டிலேயே சங்கீதம்.

அக்கா சோளத்தை வைத்துவிட்டுச் சொன்னாள். "அந்த அப்பா 1942 ஏப்ரல்ல போயிட்டார். அவளுக்குப் பதிமூணு வயசு முடியலை. கீழே மீனா, ஆஷா, உஷா, ஹிருதயநாத். அந்த வருஷமே மராத்திப் படத்துல சின்ன வேஷம் போட ஆரம்பிச்சுட்டா. முகத்துக்குச் சாயம் பூசறது அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனா வீட்டுக்கு அரிசி வேணுமே."

நான் பேசாமல் இருந்தேன். அக்காவுக்கு 19 நடக்கும்போது அப்பா போய்விட்டார். கருணை அடிப்படையில் கிடைத்த ரயில்வே வேலையில் அவள் சேர்ந்தாள். எனக்கு 11. வானொலி நிலையத்தில் குரல் தேர்வுக்கு அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. அது மர அலமாரியில் ரொம்ப நாள் கிடந்தது எனக்கு நினைவிருக்கிறது. போகவில்லை. நான் காலேஜில் பாடிக்கொண்டு திரிந்தேன். ஒரு பாடத்தில் தோற்றபோதுகூட அவள் பணம் கட்டினாள்.

கிஷோருக்கு அசோக் குமார் இருந்தார். தம்பி நடிகனாக வேண்டும் என்பது அண்ணன் ஆசை, தம்பிக்கோ பாட்டு. நம் ஏவி.எம். எடுத்த இந்திப் படங்களில்கூட நடித்தார். பாடகர் என்று ஊர் முழுக்க ஒப்புக்கொண்டது 1969ல் 'ஆராதனா' வந்த பிறகுதான். அப்போது அவருக்கு வயது நாற்பது. இருபது வருஷம் அவர் அலையவும், கோமாளித்தனம் பண்ணவும், படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொள்ளவும் முடிந்தது. கீழே விழுந்தால் பிடிக்க ஒரு அண்ணன் இருந்தார். லதா இருபது வயதிலேயே தவறக் கூடாத பாடகியாக ஆகியிருந்தார், ஏனென்றால் மேலே யாரும் இல்லை. அவரே மூத்தவர். இத்தனை வருஷம் குரலைப் பற்றியே சண்டை போட்டிருக்கிறேன், இது எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆனால் கிஷோர் வாழ்க்கை விளையாட்டாகவே போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1960ல் நடிகை மதுபாலாவைக் கல்யாணம் செய்தபோதே மதுபாலாவுக்கு இதயத்தில் ஓட்டை. ஒன்பது வருஷம் நோய். 1969 பிப்ரவரியில் மதுபாலா இறந்தார். அதே வருஷக் கடைசியில்தான் 'ஆராதனா'. நாடே கிஷோர் குரலைக் கொண்டாடியபோது வீட்டில் மதுபாலா இல்லை. அப்புறம் நெருக்கடி நிலை. அரசு விரும்பிய நிகழ்ச்சிக்கு வர மறுத்தார் என்று 1976 மே 4 முதல் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அவர் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அவர் வளைந்து கொடுக்கவில்லை. இதை நான் சொன்னதும் அக்கா, "அதுல அவர்தான் பெரிய ஆள், ஒத்துக்கறேன்" என்றாள்.

இந்தூர் வந்தபோது ராத்திரி எட்டு. முதுகு விட்டுப்போயிற்று. சாப்பிடாமல் படுத்தோம்.

ஆகஸ்ட் 6, புதன் – இந்தூர்

சிக் மொஹல்லா. லதா பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு துணிக்கடை. உள்ளே சுவரில் லதாவின் உருவம், கல்லாப் பக்கம் மெல்லிசாக லதா பாட்டு. நாங்கள் வாங்க வரவில்லை, பார்க்க வந்தோம் என்று சொன்னதும் கடைக்காரர் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து டீ வரவழைத்தார். "ராக்கிக்கு அக்கா வீட்டுக்கு வந்தீர்களா?" என்று என்னைக் கேட்டார். தமிழ்நாட்டிலிருந்து இந்தச் சுவரைப் பார்க்க வந்தோம் என்றதும் எழுந்து நின்று கும்பிட்டார்.

லதாவுக்கு முதலில் வைத்த பெயர் ஹேமா. அப்பாவின் நாடகத்தில் வந்த லதிகா என்ற பாத்திரத்தின் பெயரால்தான் லதாவானார். இந்தூர் அவருக்குப் பிறந்த ஊர் மட்டும்தான். வளர்ந்ததும் வாழ்ந்ததும் மராத்திய நாட்டில். கண்ட்வாவில் கிஷோர் இன்னும் பக்கத்துத் தெருப் பையன். இங்கே லதா சாமி படம் மாதிரி. அக்கா வெள்ளை மல் துணி இரண்டரை மீட்டர் வாங்கினாள். மீட்டர் 140. கடைக்காரர் இருபது ரூபாய் குறைத்தார். அக்கா முழுப் பணம்தான் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் அக்காவின் செருப்பு வார் அறுந்தது. தெரு முழுக்க மழைச் சேறு. மூலையில் இருந்த செருப்புத் தைப்பவர் தன் ரப்பர் செருப்பைக் கழற்றி, "அதுவரைக்கும் போட்டுக்கங்க, தீதி" என்று தள்ளினார். அக்கா போடவில்லை. "லதா வெறுங்காலோடதான் பாடுவா, எனக்கென்ன" என்று ஈரக் கல்லில் நின்றாள். தையல் கூலி 20 ரூபாய்.

அந்தப் பத்து நிமிஷம் ஒரு பழைய கதையை எங்களுக்குள் பேசிக்கொண்டோம். 1949ல் 'மஹல்'. படத்தில் கதாநாயகன் அசோக் குமார். பேயோ பெண்ணோ என்று தெரியாத கதாநாயகி மதுபாலா, வயது பதினாறு. அவருக்குக் குரல் கொடுத்தது இருபது வயது லதா. இசை கேம்சந்த் பிரகாஷ். முந்தின வருஷம் கிஷோருக்கு முதல் பாட்டு கொடுத்த அதே மனிதர். குரல் தூரத்திலிருந்து வருவதுபோல இருக்க வேண்டும். அப்போது இயந்திர வசதி கிடையாது. மைக்கை நடுவில் வைத்து, லதாவை அறை மூலையில் நிறுத்தினார்கள். முதல் வரிகளைப் பாடிக்கொண்டே ஓரடி ஓரடியாக மைக்கை நோக்கி நடந்து வந்தார். அந்தப் பாட்டுதான் அவரை நாட்டுக்குக் காட்டியது. ஆனால் இசைத்தட்டில் பாடியவர் பெயர் 'காமினி'; அது கதாபாத்திரத்தின் பெயர். அடுத்த வருஷமே கேம்சந்த் பிரகாஷ் இறந்துபோனார்.

இவ்வளவு பின்னல் வேறு எந்த இரண்டு பேருக்கு இருக்கும்? லதா குரல் ரொம்ப மெல்லிசு, வேண்டாம் என்று ஒதுக்கிய தயாரிப்பாளர் சஷாதர் முகர்ஜி யார்? கிஷோரின் அக்கா சதி தேவியின் கணவர்! லதாவும் கிஷோரும் முதலில் பார்த்துக்கொண்டதையும் லதாவே சொல்லியிருக்கிறார். பம்பாயில் லோக்கல் ரயிலில் ஒரு பையன் அவர் பெட்டியில் ஏறினான். அவர் இறங்கிய மலாடிலேயே இறங்கினான். அவர் டாங்கா என்ற குதிரை வண்டி பிடித்தார், அவனும் பிடித்தான். பயந்துபோய் ஸ்டுடியோவுக்குள் ஓடி, ஒருத்தன் என்னைத் தொடர்ந்து வருகிறான் என்று கேம்சந்த் பிரகாஷிடம் சொன்னார். அவர் சிரித்துவிட்டு, இது அசோக் குமாரின் தம்பி, உன்னோடு பாட வந்திருக்கிறான் என்றாராம்.

விருது விஷயத்தையும் நினைத்துக்கொள்கிறேன். பிலிம்பேரில் பின்னணிப் பாடகருக்கு விருதே இல்லை என்பதால் 1957ல் விழாவில் பாட மாட்டேன் என்று லதா மறுத்தார். பிறகுதான் அந்த விருது வந்தது. 1970ல் லதா தன் விருதை வாங்கியதோடு, இனி எனக்கு வேண்டாம், புதியவர்களுக்குக் கொடுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டார். அதே 1970ல்தான் கிஷோருக்கு முதல் விருது. மொத்தம் எட்டு வாங்கினார். ஒரு அக்கா சண்டை போட்டுத் திறந்துவைத்த கதவு வழியாக ஒரு தம்பி போன மாதிரிதான் எனக்குத் தெரிகிறது.

மதியம் கிறிஸ்தவக் கல்லூரி. 1887ல் தொடங்கியது. கிஷோர் புளியமரத்தடியில் உட்கார்ந்து பாடுவார் என்பார்கள். காண்டீனில் ஐந்து ரூபாய் பன்னிரண்டணா பாக்கி வைத்துவிட்டுப் பம்பாய் போய், அந்தத் தொகையையே 1958ல் 'சல்தி கா நாம் காடி' படத்தில் பாட்டாக்கிவிட்டார். வாட்ச்மேன் எங்களை "பியா, இந்தப் பக்கம்" என்று கூட்டிப்போய்க் காட்டினார். இந்தூரில் எல்லாரும் எல்லாரையும் பியா என்கிறார்கள், அண்ணே என்பது போல.

ராத்திரி பத்து மணிக்குச் சராஃபா. பகலில் நகைக்கடைத் தெரு, கடை மூடியதும் சாப்பாட்டுத் தெரு. துருவிய சோளத்தைப் பாலில் வேகவைத்த புட்டே கா கீஸ் 60 ரூபாய். அது ஒன்றுக்காகவே திரும்ப வரலாம். ஒரு கடையில் நம் ஊர்க்காரர்கள் என்று தெரிந்ததும் பையன் ஒருவன் போனில் 'வளையோசை' போட்டான். 1988ல் இளையராஜா இசையில் 'சத்யா'வுக்கு லதா எஸ்.பி.பி.யோடு பாடியது. தமிழ் பேசத் தெரியாதவர் ஒவ்வொரு எழுத்தையும் அவ்வளவு பதமாக வைத்திருக்கிறார். உருது சரியாக வர வேண்டும் என்று ஆசிரியர் வைத்துக் கற்றவர் அல்லவா. அக்கா கையில் தட்டோடு, உதடு மட்டும் அசைய, பாட்டு முடியும்வரை நின்றாள். அந்த நெரிசலில் அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி – பூசாவல்

நேற்று முழுக்க மழை, அறையை விட்டு வெளியே போகவில்லை. ராத்திரி பஸ்ஸில் கிளம்பினோம். கண்ட்வா, புர்ஹான்பூர் வழியாக இங்கே. பழைய காலனியைப் பார்த்துவிட்டு நாளைக்கு ரயில்.

விடிந்து கண் விழித்தபோது என் மேல் அக்காவின் சால்வை கிடந்தது.

"கண்ட்வா வந்துச்சா?" என்று கேட்டேன்.

"ரெண்டரை மணிக்கு. கால் மணி நேரம் நின்னுச்சு. இறங்கி டீ குடிச்சேன், பத்து ரூபா. சமாதி வாசல்ல லைட் எரிஞ்சுது, போற வழியில பார்த்தேன்."

"என்னை ஏன்க்கா எழுப்பலை?"

"நீ தூங்கிட்டிருந்தே."

பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்தாள். ஜிலேபி. ஆறி, காகிதத்தோடு ஒட்டிப் போயிருந்தது.